வலி தெரியாத கை

கே.எல். சென்ட்ரலில் இறங்கி பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் சாப்பிடப் போகிறவர்கள் ஜாலான் டிராவர்ஸ் என்ற பெயர்ப்பலகையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. நானும் பல வருடம் பார்த்திருக்கிறேன். டிராவர்ஸ் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பாட்டி இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம்தான் கேட்க வேண்டி வந்தது.

அன்று கிள்ளான் வீட்டில் அத்தை ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து ஒரு புகைப்படத்தை எடுத்துக் கொடுத்தார். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பூந்தொட்டிகளுக்கு நடுவே நிற்கிறார். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால்.

"இவரு எங்கம்மாவோட அண்ணன். எங்களுக்குப் பெரிய மாமா. சுங்கை பூலோவுல இருந்தாரு. எங்கம்மா உயிரோட இருந்த வரைக்கும் இதப் பத்தி வீட்டுல யாரும் வாயத் திறக்கக் கூடாது."

பெரிய மாமா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மரம் வெட்டிவிட்டு வந்து சுருட்டைப் பற்றவைப்பாராம். விரல் பொசுங்குகிற வாடை வந்த பிறகுதான் கையில் நெருப்பு இருப்பதே தெரியுமாம். 1950களின் தொடக்கத்தில் அவரை சுங்கை பூலோவுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு இருபத்தைந்து வருடம் கழித்து அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு யாரோ அதைச் சொல்லிவிட்டார்கள்.

"பரம்பரை வியாதி உள்ள குடும்பம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் வந்தவங்களும் அதையேதான் சொன்னாங்க." அத்தை இதைச் சொன்னபோது அவர் குரலில் எதுவும் மாறவில்லை. அவருக்கு இப்போது எழுபது வயதாகப் போகிறது. கல்யாணம் ஆகவில்லை.

நான் மருத்துவன் இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்துவிட்டு, போர்ட் கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் சென்சார்களையும் அலாரங்களையும் பார்த்துக்கொள்கிறவன். ஆனால் 'பரம்பரை' என்ற அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. தொழுநோய் பரம்பரையாக வரும் நோய் இல்லை என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அப்படியானால் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? வலி தெரியாத கை உண்மையிலேயே பரம்பரையாக வருவது உண்டா? இந்த இரண்டு கேள்விகளையும் பின்தொடர்ந்து போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு விடை நார்வேயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டின் மேற்குக் கரையில் தொழுநோய் பரவலாக இருந்தது. டேனியல்சன், போக் என்ற இரு மருத்துவர்கள் 1847இல் இந்த நோயைப் பற்றி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார்கள். அந்தக் காலத்துக்கு மிக நுட்பமான வேலை அது. ஒரே குடும்பத்தில் பலருக்கு நோய் வருவதைப் பார்த்த அவர்கள், இது ரத்தவழியில் வருவது என்று முடிவு செய்தார்கள். 1873இல் அதே பெர்கன் நகரில் ஹான்சன் என்பவர் நோயாளிகளின் திசுக்களில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார். இத்தனைக்கும் அவர் டேனியல்சனின் மருமகன். மாமனாரின் கொள்கையை மருமகனின் நுண்ணோக்கி தள்ளி வைத்தது.

ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒரே ரத்தமாகவும் இருப்பார்கள். ஒரே பாயில் படுப்பவர்களாகவும் இருப்பார்கள். அதனால் தொற்றும் பரம்பரையும் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். விஞ்ஞானம் இரண்டையும் பிரித்துவிட்டது. ஆனால் சமூகம் இரண்டு பயத்தையும் சேர்த்தே வைத்துக்கொண்டது. தொற்றும் என்பதால் நோயாளியை ஒதுக்கினார்கள். பரம்பரை என்பதால் அவர் தங்கை மகளையும் ஒதுக்கினார்கள்.

இங்கேதான் டிராவர்ஸ் வருகிறார். எர்னஸ்ட் டிராவர்ஸ் சிலாங்கூரில் அரசு மருத்துவராக இருந்தவர். கோலாலம்பூரில் இருந்த பழைய தொழுநோய்க் காப்பகத்தின் நிலையைப் பார்த்து, இவர்களை அடைத்து வைக்கக் கூடாது, வீடும் தோட்டமும் தொழிலும் உள்ள ஒரு கிராமத்தில் வாழ வைக்க வேண்டும் என்று வாதாடினார். அந்த எண்ணத்திலிருந்து 1930இல் சுங்கை பூலோ குடியிருப்பு பிறந்தது. 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைக்கலாம். ஆக அது தோட்டமும்தான், வேலியும்தான். உள்ளே பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வெளியே அனுப்பினார்கள்.

மருத்துவ வரலாற்றிலும் அந்த இடத்துக்குப் பெயர் உண்டு. தொழுநோய்க்கு அப்போது இருந்த முக்கிய மருந்தான டாப்சோனை பாக்டீரியா எதிர்த்து நிற்கத் தொடங்கிவிட்டது என்பது ஐயமில்லாமல் நிரூபிக்கப்பட்டது சுங்கை பூலோ நோயாளிகளிடம்தான். பெட்டிட், ரீஸ் இருவரும் 1964இல் அதை வெளியிட்டார்கள். பின்னாளில் உலக சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னதற்குப் பின்னால் இந்த மாதிரி அனுபவம் இருக்கிறது. பெரிய மாமாவைப் போன்றவர்களின் உடம்பில் கற்ற பாடம் அது.

சரி, பாக்டீரியாவைக் கொன்றாகிவிட்டது. விரல்கள் ஏன் தேய்ந்துகொண்டே போகின்றன? இந்தக் கேள்விக்குப் பதில் கண்டவர் கொல்லிமலையில் பிறந்த ஒரு வெள்ளைக்காரர். பால் பிராண்ட், 1914இல் மிஷனரி பெற்றோருக்கு அங்கே பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் சதை அழுகி உதிர்கிறது என்றே அதுவரை உலகம் நம்பியது. பிராண்ட் பார்த்தது வேறு. சதை நன்றாகத்தான் இருந்தது. புண்ணைப் பாதுகாத்தால் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறியது. இரவில் முழுதாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்ததற்குக் காரணம் எலி. எலி கடித்தது தூங்குகிறவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பும் நோயாளிகளோடு ஒரு பூனையையும் அனுப்பினார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார்.

பாக்டீரியா நரம்புக்குள் புகுந்து அதைச் சாகடிக்கிறது. வலி போய்விடுகிறது. மீதியை அன்றாட வாழ்க்கையே செய்து முடிக்கிறது: சூடான பானை, சுருட்டு, செருப்புக்குள் ஒரு கல். வலியை ஒரு வரம் என்று பிராண்ட் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி இரண்டாவது கேள்வி. வலி தெரியாமலேயே ஒரு குழந்தை பிறக்க முடியுமா?

முடியும். அதைப் புரிந்துகொள்ள இத்தாலிக்குப் போக வேண்டும். ரீத்தா லெவி மொந்தால்சினி 1909இல் தூரின் நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்து நரம்பு ஆய்வில் இறங்கிய சமயம், 1938இல் முசோலினியின் இனச் சட்டங்கள் வந்தன. யூதர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. அவர் தன் படுக்கையறையையே ஆய்வகமாக்கிக்கொண்டார். தையல் ஊசியைத் தீட்டி அறுவைக் கத்தியாக்கினார். கோழி முட்டைகளுக்குள் இருக்கும் கருவில் சிறகோ காலோ முளைக்க வேண்டிய மொட்டை வெட்டிவிட்டு, அதற்குப் போக வேண்டிய நரம்பணுக்கள் என்ன ஆகின்றன என்று பார்த்தார். இவரை வெளியே தள்ளிய சட்டத்துக்கும் ஆதாரம் 'ரத்தம்'தான் என்பதை அத்தையின் கதையைக் கேட்ட பிறகு என்னால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

இதே சோதனையை முன்பே செய்தவர் விக்டர் ஹாம்பர்கர். அவரும் 1933இல் நாஜிகளால் ஜெர்மனியில் வேலை இழந்து அமெரிக்காவில் தங்கிவிட்ட யூதர். கால் இல்லாவிட்டால் நரம்பணுக்கள் உருவாவதே இல்லை என்பது அவர் விளக்கம். படுக்கையறையில் ரீத்தா கண்டது வேறு. நரம்பணுக்கள் உருவாகத்தான் செய்கின்றன. வளர்ந்து போகவும் செய்கின்றன. போய்ச் சேர்கிற இடத்தில் எதுவும் இல்லாததால் சாகின்றன.

போர் முடிந்ததும் ஹாம்பர்கர் அவரை செயிண்ட் லூயிஸ் நகரத்துக்கு அழைத்தார். 1947இல் சில மாதங்களுக்கென்று போனவர் பல பத்தாண்டுகள் அங்கேயே வேலை செய்தார். ஹாம்பர்கரின் பழைய மாணவர் ஒருவர் எலியின் புற்றுக்கட்டித் துண்டை கோழிக்கருவில் ஒட்டியபோது நரம்புகள் அதற்குள் வெறிகொண்டு வளர்வதைக் கண்டிருந்தார். கட்டி எதையோ சுரக்கிறது என்று ரீத்தா ஊகித்தார். 1952இல் கட்டியுள்ள எலிகளை எடுத்துக்கொண்டு ரியோ டி ஜெனிரோவுக்கு விமானம் ஏறினார். அங்கே ஒரு தோழியின் ஆய்வகத்தில், கண்ணாடித் தட்டில் வைத்த நரம்பு முடிச்சைச் சுற்றி ஒரே நாளில் சூரியக் கதிர்போல இழைகள் முளைத்தன.

அது என்ன பொருள் என்று கண்டுபிடிக்க 1953இல் ஸ்டான்லி கோஹன் என்ற உயிர்வேதியியலாளர் சேர்ந்தார். அது நியூக்ளிக் அமிலமா புரதமா என்று பிரித்தறிய, நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி உள்ள பாம்பு விஷத்தைக் கொஞ்சம் கலந்து பார்த்தார்கள். வளர்ச்சி நிற்கும் அல்லது அப்படியே இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். நரம்பு முன்னைவிட அதிகமாக முளைத்தது. விஷத்திலேயே அந்தப் பொருள் கட்டியில் இருந்ததைவிடப் பல மடங்கு இருந்தது. பாம்பின் விஷப்பை ஒருவகை உமிழ்நீர்ச் சுரப்பிதானே என்று யோசித்த கோஹன் ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சோதித்தார். அதிலும் குவிந்து கிடந்தது. நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம் இப்படித்தான் கைக்கு வந்தது. 1986இல் ரீத்தாவுக்கும் கோஹனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹாம்பர்கருக்குக் கிடைக்கவில்லை.

நம் பக்கத்துப் பாம்புகளும் இந்தக் கதையில் உண்டு. 2004இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கோ, ஆர்முகம், ஜெயசீலன் ஆகியோர் துப்பும் நாகத்தின் விஷத்திலிருந்து இதே காரணியைப் பிரித்து, எலியிலிருந்து எடுத்ததற்கு மாற்றாக அது நன்றாகவே வேலை செய்கிறது என்று காட்டினார்கள். ஒரு தமிழ்ப் பெயரை அந்தக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே பார்த்தபோது கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இந்தக் காரணி செய்கிற வேலையை என் தொழில் வழியாகத்தான் நான் புரிந்துகொண்டேன். கரு வளரும்போது உடம்பு தேவைக்கு அதிகமாக நரம்பணுக்களை உண்டாக்கி எல்லாப் பக்கமும் கேபிள் இழுக்கிறது. தோல் போன்ற உறுப்புகள் இந்தக் காரணியைக் கொஞ்சமாகச் சுரக்கின்றன. போய்ச் சேர்ந்த நரம்பின் நுனி அதை வாங்கிக்கொண்டு 'சேர்ந்துவிட்டேன்' என்று அணுவின் மையத்துக்குத் தகவல் அனுப்புகிறது. தகவல் வந்த அணு பிழைக்கிறது. வராதது தன்னையே அழித்துக்கொள்கிறது. எல்லா நரம்பும் இந்தக் காரணியை நம்பி இல்லை. வலியையும் சூட்டையும் உணரும் மெல்லிய நரம்புகளும், வேர்வை போன்றவற்றைக் கவனிக்கும் பரிவு நரம்புகளும்தான் இதை நம்பிப் பிழைப்பவை.

காரணி இருந்தால் மட்டும் போதாது, அதை வாங்கிக்கொள்ள நரம்பு நுனியில் ஓர் ஏற்பி வேண்டும். ட்ரக் ஏ எனப்படும் அந்த ஏற்பியை 1991இல் அடையாளம் கண்டார்கள். 1994இல் அந்த ஏற்பி இல்லாத எலிகளை உருவாக்கியபோது அவற்றுக்கு வலி தெரியவில்லை. 1996இல் ஜப்பானின் குமமோட்டோவைச் சேர்ந்த இந்தோ என்ற மருத்துவரின் குழு, வலியும் தெரியாமல் வேர்வையும் வராமல் பிறந்த குழந்தைகளிடம் அதே ஏற்பியின் மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டது.

அந்தக் குழந்தைகளின் வாழ்க்கையைப் படிக்கவே மனசு கனக்கிறது. பல் முளைத்ததும் நாக்கையும் விரலையும் கடித்துக்கொள்கிறார்கள். எலும்பு முறிந்த காலோடு நடக்கிறார்கள். அறிவு வளர்ச்சியும் பலருக்குத் தாமதப்படுகிறது. வேர்வை இல்லாததால் உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாது. சிறு வயதிலேயே காய்ச்சல் உயிரைப் பறிக்கக்கூடும். நம்மூர் வெயிலில் இது என்ன ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. அடிக்கடி காயத்தோடு வருவதால் பெற்றோர் அடிக்கிறார்களோ என்று சந்தேகப்பட்ட சம்பவங்களும் உண்டு. தொழுநோய் இன்னும் இருக்கிற ஊர்களில் அதுவோ என்று முதலில் நினைப்பதும் உண்டு. பெரிய மாமாவுக்கு இழுத்த கேபிள் எரிந்துபோனது. இந்தக் குழந்தைகளுக்குக் கேபிளே நிலைக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கைதான்.

இது உண்மையிலேயே பரம்பரை நோய். ஆனால் அது வருகிற விதம் நம் கல்யாணப் பேச்சுகளில் சொல்கிற மாதிரி இல்லை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால்தான் நோய் வரும். ஒரு பிரதி மட்டும் பழுதானவருக்கு எதுவும் தெரியாது. நல்ல உடம்போடு வாழ்ந்து முடிப்பார். அப்படி இருவர் கல்யாணம் செய்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. மிக அபூர்வமான பழுது என்பதால் அந்நியர் இருவர் சேரும்போது இரண்டு பேரிடமும் அது இருப்பது அரிது. ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் சேரும்போது அந்த வாய்ப்பு கூடுகிறது. 'வெளியில குடுத்தா ரத்தம் கெட்டுடும், அத்தை மகனுக்கே குடுத்துடலாம்' என்று நம் பெரியவர்கள் சொல்வது இந்த இடத்தில் தலைகீழாகிறது. நோயாளி உள்ள வீட்டை ஒதுக்குவதால் பழுதான மரபணுவிலிருந்து தப்பிவிடவும் முடியாது. அது யாரும் சந்தேகப்படாத வீடுகளில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

விஞ்ஞானிகளும் இங்கே அவசரப்பட்டு வழி தவறியிருக்கிறார்கள். கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதக் குழந்தைகளிடம் காணப்படும் ஒரு பரம்பரை நரம்பு நோயை 1949இல் ரைலி, டே ஆகியோர் விவரித்தார்கள். வலி குறைவு, கண்ணீர் வராது, ரத்த அழுத்தம் தாறுமாறாக இருக்கும். எல்லாம் இந்தக் காரணியோடு பொருந்தியதால் இதன் மரபணுதான் குற்றவாளி என்று பலர் நம்பினார்கள். 1984இல் பிரேக்ஃபீல்டின் குழு குடும்பங்களைச் சோதித்து, இது அல்ல என்று காட்டியது. உண்மையான மரபணு 2001இல் வேறோர் இடத்தில் கிடைத்தது. காரணியின் சொந்த மரபணு பழுதான குடும்பம் கடைசியில் வட ஸ்வீடனில் கிடைத்தது, 2004இல் வெளியானது. அவர்களுக்கு வேர்வை வருகிறது, அறிவும் தெளிவு. ஆழ்ந்த வலி மட்டும் தெரிவதில்லை. வலி தடுக்காததால் முழங்காலும் கணுக்காலும் சிறு வயதிலேயே நொறுங்கிவிடுகின்றன.

இதையெல்லாம் மருந்தாக்க முடியாதா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. சர்க்கரை நோயால் நரம்பு கெட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தக் காரணியை ஊசியாகப் போட்ட பெரிய சோதனை ஒன்றின் முடிவு 2000இல் வெளியானது. எதிர்பார்த்த பலன் இல்லை. ஊசி போட்ட இடத்தில் வலிதான் வந்தது. வளர்ந்த உடம்பில் இந்தக் காரணி வலியின் அளவைக் கூட்டுகிறது என்பது அப்போது தெரிந்துகொண்டிருந்த விஷயம். அப்படியானால் இதைத் தடுத்தால் வலி குறையுமே என்று மூட்டுவலிக்கு டானெசுமாப் என்ற மருந்து செய்தார்கள். வலி குறைந்தது. ஆனால் சிலருடைய மூட்டு விரைவாக அழிந்தது. 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதனைகளை நிறுத்தியது. பிறகு மறுபடி அனுமதித்தது. 2021இல் நிபுணர் குழு 19க்கு 1 என்று எதிராக வாக்களித்தது. நிறுவனங்கள் கைவிட்டன. ஸ்வீடன் குடும்பத்தின் முழங்கால்கள் முன்கூட்டியே சொன்ன எச்சரிக்கை அது என்று எனக்குப் படுகிறது. அலாரத்தின் சத்தம் தாங்காமல் ஒயரைப் பிடுங்குகிற ஆட்களை என் வேலையிலும் பார்த்திருக்கிறேன். தோற்காத இடம் ஒன்று உண்டு. கண்ணின் கருவிழியில் நரம்பு செத்து ஆறாத புண் உள்ளவர்களுக்கு இந்தக் காரணியைச் சொட்டு மருந்தாக 2018இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள்.

ஏற்பியே இல்லாத குழந்தைகளுக்கு அதனால் பயனில்லை. வாங்கிக்கொள்ள ஆளில்லாத வீட்டு வாசலில் கடிதத்தைப் போட்டு என்ன ஆகும்?

இரண்டு கதைகளும் ஒன்றையொன்று தொடுகிற ஓர் இடத்தைச் சொல்லி முடிக்கிறேன். 1994இல் லான்செட் மருத்துவ இதழில் பிரவீன் ஆனந்தும் உடன் உழைத்தவர்களும் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். தொழுநோயாளிகளின் தோலில் இந்த நரம்பு வளர்ச்சிக் காரணி குறைந்துபோயிருக்கிறது என்பது அதன் செய்தி. ஆக, கிருமியால் வந்த உணர்வின்மையும் மரபணுவால் வந்த உணர்வின்மையும் ஒரே புரதத்தின் இரண்டு பக்கங்களில் நிற்கின்றன. என் அத்தையைத் தேடி வந்த அந்தக் குடும்பங்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டதை இது நியாயப்படுத்தாது. பெரிய மாமாவிடம் இருந்தது பாக்டீரியா. நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேரின் உடம்பு அதைத் தானாகவே எதிர்த்துவிடும். அத்தைக்கு அதிலிருந்து வர எதுவுமில்லை. ஒருவேளை உண்மையான பரம்பரை நோயாகவே இருந்திருந்தாலும் அத்தை செய்த தப்பு என்ன?

இவ்வளவையும் படித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையைக் காரில் சுங்கை பூலோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குடியிருப்பின் ஒரு பகுதியை 2007இல் இடித்துப் பல்கலைக்கழக மருத்துவ வளாகம் கட்டிவிட்டார்கள். மற்றப் பகுதியில் பூச்செடிக் கடைகள். சின்னச் சின்ன வீடுகள் இன்னும் நிற்கின்றன. அத்தை ஒரு வீட்டு வாசல்படியைக் காட்டினார். சின்ன வயதில் பாட்டியோடு ஒரே ஒரு தடவை வந்திருக்கிறாராம். இதே வீடா என்று அவருக்கு உறுதியில்லை.

"சாயங்காலம் ஆனா இந்த மாதிரிப் படியில உக்காந்து, கண்ணாடிய வச்சுக் காலத் திருப்பித் திருப்பிப் பாப்பாரு. ஏன் மாமான்னு கேட்டேன். காலு பேசாது, நான்தான் கேக்கணும்னாரு."

இன்றைக்கும் வலி தெரியாமல் பிறந்த குழந்தைகளின் பெற்றோருக்கு மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். தினமும் தலையிலிருந்து கால்வரை பாருங்கள். செருப்புக்குள் கைவிட்டுப் பாருங்கள். குளிக்கும் தண்ணீரை நீங்கள் தொட்டுப் பாருங்கள். மரபணுவைப் படிக்கத் தெரிந்துகொண்டு பல வருடம் ஆகியும் இதைவிடப் பெரிய வைத்தியம் அந்த நோய்க்கு இன்னும் வரவில்லை.

திரும்பும்போது அத்தை இரண்டு செம்பருத்திச் செடி வாங்கினார். அந்தப் புகைப்படம் இப்போது கிள்ளான் வீட்டுக் கூடத்தில், பாட்டி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் யாரென்று கேட்டால் அத்தை பதில் சொல்கிறார்.